யானை இருந்தாலும் ஆயிரம் பொன்

(அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். மைக் கீச்சிட்ட இடங்களை விட்டுவிட்டேன்.)

எல்லோருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியையும் அன்போடு எடுத்துக்கொண்ட சிறப்பு விருந்தினர் டாக்டர் ஐயா அவர்களே (சிரிப்பு), காலையிலிருந்து சமையற்கட்டில் நிற்கிற சகோதரிகளே, சகோதரர்களே, மைக்கோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பி, அரங்கை நமக்குக் குறைந்த வாடகைக்குத் தந்த பள்ளி நிர்வாகத்தார், பொருளாளர் அண்ணாச்சி... பொருளாளரை விட்டால் சாப்பாட்டு டோக்கன் கிடைக்காது. எல்லோருக்கும் நன்றி. இருபது வருஷமாக நடக்கிற விழா மாதிரி நடத்துகிறார்கள், கைதட்டுங்கள். (கைத்தட்டல்)

கிளீவ்லாந்து என்றதும் வெளியூர்த் தமிழருக்குத் தியாகராஜ ஆராதனை ஞாபகம் வரும். 1978-இல் தொடங்கி நடந்து வருகிறது, பெருமைதான். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு பிரவுன்ஸ் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணிதான் சாமி. ஞாயிற்றுக்கிழமை தோற்பது, திங்கட்கிழமை புலம்புவது, அடுத்த ஞாயிறு மறுபடி டிக்கெட் வாங்குவது. நம் பிள்ளைகளும் இப்போது அந்த பக்தியில் சேர்ந்துவிட்டார்கள். அதனால் இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று ஆட்டம், இரண்டு பணம், மூன்று உடம்பு.

என் வாயில் அடிக்கடி வரும் பழமொழி உங்களுக்குத் தெரியும். போன வருஷம் பட்ஜெட் கூட்டத்திலும் சொன்னேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். இன்று நிஜமாகவே யானைகளைப் பற்றிய பேச்சு என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்பாலில் பந்து வைத்திருக்கும் அணியில் 11 பேர். அதில் முன்வரிசையில் ஐந்து பேர் லைன்மேன். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரத்தில் டாக்கிள். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை யாரும் வந்து சாய்த்துவிடாமல் மறிப்பதுதான் வேலை. இவர்கள் சாதாரணமாகப் பாஸ் பிடிக்கக்கூடாது, விதியிலேயே கிடையாது. எதிராளியைப் பிடித்து இழுத்துவிட்டால் 10 யார்டு அபராதம், அப்போதுதான் நடுவர் மைக்கில் இவர் எண்ணைச் சொல்வார். மற்ற நேரத்தில் ஊருக்கு இவர் பெயரே தெரியாது. வலக்கைக்காரக் குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவர் முதுகுப் பக்கம் ஆகிவிடும். அங்கே நிற்பவர் லெஃப்ட் டாக்கிள், அதனால் அவருக்குத்தான் மவுசு.

நம் ஊர் லெஃப்ட் டாக்கிள் ஜோ தாமஸ். எண் 73. இந்தக் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், செயலாளர் அம்மா, கடிகாரத்தைக் காட்டாதீர்கள்.

2007 ஏப்ரல் 28. கல்லூரியில் ஆடி முடித்தவர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாள். நியூயார்க்கில் பெரிய மேடை. பையன்கள் புது கோட்டு சூட்டு, அம்மா பட்டுப்புடவை மாதிரி ஏதோ பளபளவென்று, பாட்டி கண்ணில் தண்ணீர், எல்லா டிவிக்காரர்களும் அங்கே. தாமஸுக்கும் அழைப்பு வந்தது. முதல் சில பெயர்களில் வருவார் என்று ஊருக்கே தெரியும். இவர் என்ன சொன்னார் தெரியுமா? நான் வரவில்லை, அன்றைக்கு அப்பாவோடு மீன் பிடிக்கப் போகிறேன். (சிரிப்பு) நம் வீட்டில் ஒரு பையன் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? அம்மா மூன்று நாள் பேசமாட்டார். அப்பா உறவுக்காரர் எல்லோருக்கும் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார், சித்தப்பா திருச்சியிலிருந்து விசா போட்டு வந்திருப்பார். (பலத்த சிரிப்பு) அவர் வீட்டில் அப்பாவும் கூடவே படகில் ஏறிவிட்டார்! மிச்சிகன் ஏரியில் போய்த் தூண்டில் போட்டார்கள். மேடையில் முதலில் ஜமார்கஸ் ரஸ்ஸல் பெயர், அடுத்து கால்வின் ஜான்சன் பெயர், மூன்றாவதாக கிளீவ்லாந்து பிரவுன்ஸ், ஜோ தாமஸ். மேடையில் ஆளைக் காணோம். ஆள் படகில் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறார். லைன்மேன் என்றால் அப்படித்தான், விளக்கு வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே இருக்கமாட்டார்கள்.

வந்த பிறகு பாருங்கள். 2007 முதல் நாளில் களத்தில் இறங்கியவர் 2017 அக்டோபர் வரை ஒரு ஸ்நாப்கூட, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒரு தடவைகூட, வெளியே உட்காரவில்லை. அணி ஆடிய ஒவ்வொரு முறையும் நின்றார், தொடர்ந்து 10,363 தடவை. கடைசியில் டென்னசி அணியோடு ஆடும்போது கையில் தசை கிழிந்தது, அன்றோடு நின்றது. இதற்குள் 20 குவார்ட்டர்பேக்குகள் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து போனார்கள். 2016-இல் பிரவுன்ஸ் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்தது, 2017-இல் அதுவும் இல்லை. சீசன் முடிவில் சிறந்த அணிகள் கோப்பைக்காக மோதும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட வாழ்நாளில் அவர் ஆடியதில்லை. 2018-இல் ஓய்வு, 2023-இல் கேன்டன் ஊரில், ஃபுட்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு வெண்கலத் தலை வைத்தார்கள். இங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம் யானை ஆயிரம் பொன் பெற்ற யானை.

ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் வேலை, திணித்துச் சாப்பிடுவதை நிறுத்தியது. எடை இறங்கக்கூடாதே என்று வருஷக்கணக்கில் பசியில்லாமலே தின்றவர், நிறுத்தியதும் 20 கிலோவுக்கு மேல் குறைந்து வேறு ஆளாகிவிட்டார். ஆனால் தலைக்கு அப்படி வழி இல்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு பேட்டியில் சொன்னார்: கடைக்குப் போகிறேன், எதை வாங்க வந்தேன் என்று மறந்துவிடுகிறது, ஃபுட்பாலாலா வயதாலா தெரியவில்லை என்று. அப்போது வயது 32.

இப்போது இன்னொருவர். மைக் வெப்ஸ்டர், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் சென்டர். தாமஸ் மாதிரியே விஸ்கான்சின்காரர், அதே பல்கலைக்கழகம். 1974-இல் வந்து 1990 வரை 17 சீசன் ஆடினார், சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டத்தில் நான்கு வெற்றி. அவர் வந்த காலத்தில் எதிர் அணிக்காரர் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்துவிட்டுத் தாண்டலாம், 1977-இல்தான் அதைத் தடை செய்தார்கள். லைன்மேன் கையை நீட்டித் தடுக்க 1978-இல்தான் விட்டார்கள். அதுவரை தலைதான் முன்னால் போகும். பயிற்சியையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு எத்தனை முட்டல் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

1997-இல் அவருக்கும் கேன்டனில் வெண்கலத் தலை. 45 வயது. அன்று அவர் பேசிய பேச்சு எங்கெங்கோ போய், கேட்டவர்களைச் சங்கடப்படுத்தியது. அந்த வருஷங்களில் அவர் தன் வண்டிக்குள்ளேயே தூங்கியிருக்கிறார். விழுந்த பல்லை சூப்பர் குளூ வைத்து ஒட்டிக்கொண்டார். தூக்கம் வராமல், மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியைத் தன் மேலேயே வைத்து மயங்கித் தூங்கியிருக்கிறார். 2002 செப்டம்பரில் 50 வயதில் இறந்தார்.

பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த டாக்டர் பென்னட் ஒமாலு. நம்மைப் போல வந்தேறியவர், ஃபுட்பாலில் ஈடுபாடே கிடையாது. மூளை பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. மனசு கேட்காமல், சொந்தப் பணத்தில் அதை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார், டௌ என்ற புரதம் கண்டபடி படிந்திருந்தது. 2005-இல் கட்டுரை வெளியிட்டார். அதைத் திரும்பப் பெறச் சொல்லி இந்த அணிகளை நடத்தும் என்எஃப்எல் லீகின் மருத்துவக் குழுவினர் பத்திரிகைக்கே எழுதினார்கள்! தலையில் திரும்பத் திரும்ப அடி பட்டு வரும் மூளை நோயை இன்று சிடிஇ என்று எல்லோரும் சொல்கிறோமே, ஃபுட்பாலில் அது தொடங்கிய இடம் இது.

கொடுமை இதோடு போகவில்லை. விளையாட்டால் மூளை கெட்டது என்று 1999-இல் லீக் ஆட்டக்காரர்களின் ஓய்வூதியக் குழுவே ஒப்புக்கொண்டது, ஆனால் ஓய்வுக்குப் பிறகுதான் முழுதும் முடியாமல் போனார் என்று தேதியைத் தள்ளிப் போட்டு, குறைந்த தொகையைக் கொடுத்தது. குடும்பம் வழக்குப் போட்டு, 2006 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் ஜெயித்து, 15 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அவர் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. யானை இறந்தாலும் ஆயிரம் பொன், சரி. உயிரோடு இருந்த யானைக்கு அந்தப் பொன்னை ஏன் கொடுக்கவில்லை? (கைத்தட்டல்)

பணம் பற்றிய இரண்டாவது தலைப்புக்கு நேரமில்லை, செயலாளர் அம்மா சீட்டு அனுப்பிவிட்டார். டாக்டர் ஐயா பேச எடுத்துக்கொண்ட... வேண்டாம், விடுங்கள். (சிரிப்பு)

நான் கேட்க வந்தது இதுதான். நம் வட்டாரத்தில் ஏழு, எட்டு வயதுப் பையன்களுக்கே ஹெல்மெட் மாட்டி முட்ட விடுகிறார்கள். பையன் கொஞ்சம் பருமன் என்றால் உடனே லைனில் நிறுத்திவிடுகிறார்கள், அவனுக்குத்தான் அடி அதிகம். தாமஸ் முட்டியது பெரியவராகி, தெரிந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடம் யார் கேட்டார்கள்? 14 வயது வரை ஃப்ளாக் ஃபுட்பால் போதும். இடுப்பில் தொங்கும் ரிப்பனை உருவினால் ஆட்டம் நின்றது, முட்டல் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள், அதனால் "இது பெண் பிள்ளைகள் ஆட்டம்" என்று எந்தச் சித்தப்பாவும் சொல்ல வேண்டாம், பெண் பிள்ளைகளும் ஆடட்டும். நம் சங்க விளையாட்டுக் குழு அடுத்த கோடையில் ஒரு ஃப்ளாக் அணி தொடங்க வேண்டும், ஊர்ப் பூங்காத் துறைக்கு நாம் ஒரு மனு கொடுக்க வேண்டும்.

மனு பின்னால் சாம்பார் சாதம் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதாது, அப்பா தனியாக, அம்மா தனியாகப் போடுங்கள். பிள்ளை வளர்ந்துவிட்டவர்களும் போடலாம். தலைவர் அவர்கள் முதலில் போடுவதாக மேடைக்குப் பின்னால் என்னிடம் சொன்னார், இப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். (சிரிப்பு, கைத்தட்டல்) பேனா இல்லாதவர்கள் பொருளாளர் அண்ணாச்சியிடம் கேளுங்கள், அவர் சட்டைப் பையில் நாலு இருக்கிறது. அடுத்து பிள்ளைகளின் வில்லுப்பாட்டு. நன்றி, வணக்கம்.