படிவம் மாறியது, பெண்கள் மறைந்தார்கள்

அவையோருக்கு வணக்கம். புள்ளியியல் மாணவர்களுக்கு நடுவில் நிறுத்தி, புள்ளியியலின் எல்லைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

மாதிரி சிறியது, சராசரி ஏமாற்றும் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அந்த நோய்களுக்குப் புள்ளியியலிலேயே மருந்து இருக்கிறது. மருந்தில்லாத ஒன்றைப் பார்ப்போம்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைக்கும் பெண்கள் ஏறத்தாழ 5.9 கோடி. 1971-இல் ஏறத்தாழ 3.1 கோடி. ஆண் உழைப்பாளர் எண்ணிக்கையோ அதே பத்தாண்டில் கூடியிருக்கிறது. இந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. படிவம்தான் மாறியது.

1961-இல், பருவகால வேலையை அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாகச் செய்திருந்தாலே உழைப்பாளர். 1971-இல் முதன்மையான வேலை எது என்று கேட்டார்கள். விடியலில் மாட்டைக் கறந்து, சோறாக்கி, நடவுக்குப் போய், வந்து மறுபடியும் உலை வைக்கிறவள் எதை முதன்மை என்பாள்? பல வீடுகளில் அவளைக் கேட்பதும் இல்லை. திண்ணையில் இருக்கும் குடும்பத் தலைவர், "அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று சொல்லிவிடுவார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பும் அவருக்கு இருக்காது. 'வீட்டு வேலை' என்று குறித்தாயிற்று. நடவு இரண்டாம் பட்சம்.

இது ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி எடுத்த கணக்கு. சிலரை மட்டும் கேட்டதால் வந்த மாதிரிப் பிழை என்று சொல்லித் தப்ப முடியாது. உண்மையாகவே வேலை இழந்த பெண்களும் இருந்திருப்பார்கள்தான். அவர்கள் எத்தனை பேர், படிவத்தால் மறைந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரித்துக் காட்ட எந்தச் சூத்திரத்தாலும் ஆகாது.

1991-இல், சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்வதும் வேலைதான் என்று கேள்வியிலேயே எழுதினார்கள். அடுப்படி வேலை அப்போதும் சேரவில்லை. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் போகிறது, ஆணுக்கு 97. அருமையான ஆய்வு. ஆனால் அந்த 299-இல் ஒரு நிமிடம்கூட நாட்டு வருமானக் கணக்கில் ஏறுவதில்லை. அதே சமையலுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் ஏறும்.