கார் ராத்திரி எங்கே நிற்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

போன சித்திரையில் எங்கள் பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கினோம். அன்றிலிருந்து திருச்சியில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?" வாங்குவதற்கு முன்னால் நானும் அதைத்தான் கேட்டேன். இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது வேறு. உங்கள் கார் ராத்திரி எங்கே நிற்கும்? அந்த இடத்துக்குக் கரண்ட் எப்படி வரும்?

நாங்கள் இருப்பது எட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடி. கார் வந்த அன்று மாலை, கீழ்த்தளத்தில் ஏற்கெனவே இருந்த 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜரை மாட்டினோம். சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. கோளாறு காரில் இருக்கும் என்றுதான் நினைத்தோம். மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தக் கட்டடத்துக்கே எர்த் இல்ல" என்றார்.

எர்த் என்பது, கரண்ட் கசிந்தால் அது நம் உடம்பில் பாயாமல் மண்ணுக்குள் இறங்க வழிவிடும் பாதுகாப்புக் கம்பி. மின்சாரக் காரின் சார்ஜர் கரண்டை விடுவதற்கு முன்னால் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். நம் வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் அப்படிப் பார்ப்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் எர்த் குழியைத் தேடியபோது, அதன்மேல் முழுக்க சிமென்ட் கல் பதித்திருந்தார்கள். கரியும் உப்பும் போட்டு மூடிய குழி அது. சுற்றியுள்ள மண்ணில் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். எத்தனை கோடைகளாகத் தண்ணீர் காணாமல் கிடந்ததோ! விஷயம் தெரிந்ததும் கீழ்வீட்டு அம்மா சொன்னார்: "வாஷிங் மெஷினைத் தொட்டா சுள்ளுன்னு இருக்கும். அதனாலதான் செருப்பு போட்டுக்கிட்டே துவைக்கிறேன்." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

எட்டு வீடும் செலவைப் பகிர்ந்துகொண்டு புதிய எர்த் குழி போட்டோம். அப்புறம் எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் வரை தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி இழுத்து, அதற்கென்று, கரண்ட் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஓர் எம்.சி.பி.யும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஓர் ஆர்.சி.சி.பி.யும் வைத்தோம். மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து வீட்டின் மின்பளு அனுமதியையும் கூட்டிக்கொண்டோம். "கீசர் ஓடற பிளக்குதானே, கார் ஓடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். கீசர் கால் மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். கார் அதே அளவு கரண்டை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். எங்கேயாவது ஒரு திருகு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறி உருகிவிடும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டி சார்ஜ் போடுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இனி அந்தத் தூரக் கேள்விக்கு வருகிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள், அதனால் யூனிட் கணக்கிலேயே சொல்கிறேன். எங்கள் காரின் பேட்டரியில் 40 யூனிட் பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிட்டத்தட்ட 9 யூனிட் வெப்பம் கிடைக்கும். அப்படியானால் முழு பேட்டரியில் இருப்பது நாலரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல்தான். அந்த நாலரை லிட்டரில் எங்கள் பழைய கார் 70 கிலோமீட்டர் போகும். இது 270 போகிறது. பெட்ரோல் என்ஜினில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது. மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. விளம்பரத்தில் இதைவிடப் பெரிய எண் இருக்கும். அது சோதனைக்கூடத்தில், நிதானமான வேகத்தில் எடுத்த எண்.

ஊருக்குள் ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதற்கு ஐந்தாறு யூனிட், இரண்டு மணி நேர சார்ஜ் போதும். நம் மின்கட்டணத்தில் யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறுவதால், காருக்கான மின்சாரம் மேல்படியில்தான் விழுகிறது. அப்படியும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயை ஒட்டித்தான் வருகிறது.

நெடுந்தூரம் போவதற்குக் கொஞ்சம் பழக வேண்டும். முதல் தடவை சென்னைக்குப் போனபோது, 330 கிலோமீட்டர்தானே என்று நூறிலேயே ஓட்டினேன். பேட்டரி சதவீதம் கண்ணெதிரே இறங்கியது. வேகம் 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடும். எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம்தான், ஆனால் அது கைக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். விழுப்புரம் பக்கம் நான் குறித்து வைத்திருந்த சார்ஜிங் நிலையம் வேலை செய்யவில்லை. இன்னொன்றைத் தேடிப் போய்ச் சேரும்போது 14 சதவீதம் மீதி. இப்போது 30 இருக்கும்போதே ஒதுங்கிவிடுகிறேன், எப்போதும் இரண்டு இடங்களைத் தெரிந்துகொண்டுதான் கிளம்புகிறேன். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் தானாகக் குறைந்துவிடும். அதனால் நூறு ஆகட்டும் என்று காத்திருப்பதில்லை, ஒரு டிபனும் காபியும் முடிவதற்குள் போதிய அளவு ஏறிவிடுகிறது.

மலைப் பாதையைப் பற்றியும் ஒன்று. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மோட்டாரே காரைப் பிடித்து நிறுத்தி, செலவழித்ததில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் மேலே பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். திரும்பி வருவதை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, அந்தப் பிடிமானமும் குறைந்துவிடும்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி வீட்டுக்கும் இப்போது மின்சாரக் கார் வரப்போகிறது. கம்பி இழுக்க எலக்ட்ரீஷியன் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வேலையைக் கீழ்வீட்டு அம்மா தானாகவே எடுத்துக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.