ஃபுளூ வைரஸின் தலையும் தண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

போன வருஷம்தானே ஃபுளூ ஊசி போட்டேன், மறுபடியும் எதற்கு என்று டாக்டரிடம் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். தட்டம்மைக்குச் சிறு வயதில் போடும் ஊசி ஆயுசுக்கும் காக்கிறது. ஃபுளூவுக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம்?

பிப்ரவரியில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை, உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டுகிறது. அடுத்த பருவத்தில் எந்தத் திரிபுகள் பரவும் என்று அவர்கள் கணித்தாக வேண்டும். பெரும்பாலும் கோழிமுட்டையில்தான் வைரஸை வளர்க்கிறார்கள். அதை மருந்தாக்கிக் குப்பியில் அடைத்து அனுப்ப ஆறு மாதம் பிடிக்கும். அதற்குள் வைரஸ் உருமாறிவிட்டால்? 2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. எச்3என்2 என்ற ஃபுளூ வகை மாறிவிட்டது. அந்தப் பருவத்தின் தடுப்பூசி சுமார் 19 சதவீதம்தான் பலன் தந்தது. நிபுணர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களை ஜோசியம் சொல்ல வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

மாற்ற முடியுமா? வைரஸைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அதன் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலே பருத்த தலை, கீழே தண்டு. தலை நம் செல்லைப் பற்றிக்கொள்கிறது. செல் வைரஸை உள்ளே இழுத்த பிறகு அங்கே அமிலத்தன்மை ஏறுகிறது. உடனே தண்டு சட்டென்று வடிவம் மாறி, வைரஸின் உறையைச் செல்லின் சவ்வோடு இணைத்துவிடுகிறது. அந்த வழியாகத்தான் வைரஸின் மரபணுக்கள் உள்ளே இறங்குகின்றன. தலையில் அங்கங்கே மாற்றம் வந்தாலும் வைரஸ் பிழைத்துக்கொள்ளும். தண்டு மாறினால் இந்த வேலையே கெட்டுப்போகும். அதனால் தண்டு அவ்வளவாக மாறுவதில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, நம் உடம்பு செய்வது அதைத்தான். கிருமியைப் பற்றி முடக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவற்றை, முன்னால் துருத்தி நிற்கும் தலைக்கு எதிராகவே தயாரிக்கிறது. தண்டு மறைவில் தப்பிவிடுகிறது.

1993-இல் ஜப்பானில் ஒகுனோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் எலியிலிருந்து எடுத்த ஓர் எதிர்ப்பொருள், எச்1, எச்2 என்ற ஹீமக்ளூட்டினின் வகைகளைக் கொண்ட இரு வைரஸ்களையும் முடக்கியது. அது பிடித்தது தண்டை. இவ்வளவு பெரிய செய்தி பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கமாக இருக்கிறது. அத்தகைய எதிர்ப்பொருள்களை மனிதர்களிடமிருந்தே பிரித்தெடுத்த பிறகு, 2008, 2009 வாக்கில்தான் துறை சுறுசுறுப்பானது.

சரி, உடம்பின் கவனத்தைத் தண்டுப் பக்கம் எப்படித் திருப்புவது? தலையை வெட்டிவிட்டுத் தண்டை மட்டும் கொடுக்கலாம். ஆனால் தலை போனால் தண்டு குலைந்துவிடுகிறது. அதை நிமிர்த்தி நிறுத்தவே பல வருஷ உழைப்பு தேவைப்பட்டது. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் பீட்டர் பலேசேயும் ஃபுளோரியன் கிராமரும் பிடித்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் ஊசியில் எச்1 தண்டின் மேல் எச்8 தலை. அடுத்த ஊசியில் அதே தண்டின் மேல் எச்5 தலை. இரண்டுமே பறவை வைரஸ்களின் தலைகள். நம்மில் பெரும்பாலோரின் உடம்பு பார்த்திராதவை. தெரிந்த முகமாக இருப்பது தண்டு மட்டுமே என்பதால் நோயெதிர்ப்பு நினைவு அதன் மேல் பாய்கிறது. மனிதர்களிடம் நடத்தி 2020-இல் வெளியான முதல் கட்டச் சோதனையில், தண்டுக்கான எதிர்ப்பொருள்கள் நன்றாக உயர்ந்து 18 மாதமாவது நிலைத்தன. 2009-இல் பன்றிக் காய்ச்சல் வந்தவர்களிடமும் இப்படிப்பட்ட எதிர்ப்பொருள்கள் கூடுதலாகத் தென்பட்டன. அந்த வைரஸின் தலையும் அவர்கள் உடம்புக்குப் புதுசுதான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹென்ஸ்லி குழு வேறு வழியில் போனது. அறியப்பட்ட 20 வகைகளின் ஹீமக்ளூட்டினின்களையும் ஒரே எம்ஆர்என்ஏ ஊசியில், அதாவது புரதத்தை உடம்பே செய்துகொள்ளும்படி குறிப்பு கொடுக்கும் ஊசியில், சேர்த்தார்கள். 2022-இல் எலிகளிலும், கீரி போன்ற ஃபெரெட்டுகளிலும் அது கடும் நோயைத் தடுத்தது. மனிதர்களிடம் இனிமேல்தான் தெரிய வேண்டும். விலங்குச் சோதனையை வைத்தே வெற்றி முழக்கம் போடும் தலைப்புச் செய்திகளை நம்பாதீர்கள். வேறொரு அணுகுமுறையில் இஸ்ரேலின் பயான்ட்வாக்ஸ் நிறுவனம் தயாரித்த ஊசி 12,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டது. 2020-இல், நோயைத் தடுப்பதில் வெறும் போலி ஊசிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை என்று தெரிந்தது.

இன்னொரு சிக்கலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஃபுளூ வைரஸ் கோழியின் ரத்தச் சிவப்பணுக்களைத் திரள வைப்பதை 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்டார். அந்தத் திரளலை நம் ரத்தச் சீரம், அதாவது எதிர்ப்பொருள்கள் இருக்கும் தெளிந்த நீர், எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துத்தான் ஃபுளூ ஊசியின் திறனை இன்றும் வழக்கமாக அளக்கிறார்கள். ஆனால் திரள வைப்பது தலை. தண்டைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் பொதுவாக இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. நல்ல ஊசிகூட இதில் தோற்றது போலத் தெரியலாம்.

அப்படியானால் புதிய அளவுகோல் வேண்டும். நிகராகுவாவின் மனாகுவா நகரில், வீட்டில் ஒருவருக்கு ஃபுளூ வந்ததும் உடனிருப்பவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். தண்டு எதிர்ப்பொருள் அதிகம் இருந்தவர்களுக்கு எச்1என்1 தொற்றும் வாய்ப்பு குறைவாக இருந்தது. 2019-இல் முடிவு வெளியானது. புதுப்புது ஊசிகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்காவது இப்படி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போக வேண்டும், நம் ஊர்களிலும்தான். இனி நீங்கள் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.