வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

"பள்ளி இசை ஆசிரியர் தேட வேண்டியது நல்ல குரலையா? எல்லாக் குரலையுமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நல்ல குரலைத்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு பீரியடு, வகுப்பில் நாற்பது பிள்ளைகள், இதில் எல்லோரையும் பாட வைக்கிறேன் என்று கிளம்பினால் ஒருவரும் உருப்படியாகப் பாட மாட்டார்கள், குரல் உள்ள நாலு பேரைப் பிடித்துத் தயார் செய்தால் பள்ளிக்கு ஒரு கோப்பையாவது மிஞ்சும் என்றார். கைதட்டலும் நன்றாகவே விழுந்தது. தட்டியவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் கோரஸ் வரிசையிலிருந்து கழற்றிவிடப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள், நடுவர் அவர்களே!

ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டிருக்கும். ஆசிரியர் வரிசை வரிசையாகக் காதைச் சாய்த்துக்கொண்டு வருவார். ஒரு பையனுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார். "டேய், நீ சத்தம் போடாதே. வாயை மட்டும் அசை." பையன் உயரமாக, லட்சணமாக இருப்பான், அதனால் வரிசையில் இடம் உண்டு. பாட்டில்தான் இடமில்லை. விழாவன்று அவன் அம்மா கீழே உட்கார்ந்து, பிள்ளை பாடுகிறான் என்று பூரித்துப்போய்ச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

சரி, அவனுக்கு ஏன் சுருதி சேரவில்லை? எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்றால் குரல் உடைகிற வயது. போன வருடம் எட்டிய மேல் ஸ்தாயி இந்த வருடம் எட்டாது. போதாக்குறைக்கு, ஆசிரியர் தன் தொண்டைக்கு வசதியான கட்டையில், அதாவது சுருதி உயரத்தில், பாட்டை எடுத்திருப்பார். ஒரு கட்டை இறக்கினால் பாதிப் பேர் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் கட்டையை இறக்குவதைவிடப் பையனை இறக்கிவிடுவது சுலபம்.

எதிரணியின் அடுத்த வாதம், 'பெரிய கலைஞராக இருப்பவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து நேரத்தை வீணாக்க மாட்டார்' என்பது. இதற்கு நான் ஒரே ஒருவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறேன். இங்கிலாந்து இசையமைப்பாளர், குஸ்டாவ் ஹோல்ஸ்ட். 1874-ல் பிறந்தவர். கையில் நரம்பு வலி வந்ததால் பியானோ கலைஞராகும் ஆசையை விட்டுவிட்டு டிராம்போன் ஊதிப் பிழைத்தார். அப்புறம் வாத்தியார் வேலைக்கு வந்தார். லண்டன் ஹேமர்ஸ்மித்தில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் 1905-ல் சேர்ந்தவர், 1934-ல் சாகும்வரை அங்கேயே இசை ஆசிரியர். உலகம் முழுக்க இன்றும் வாசிக்கப்படும் 'பிளானெட்ஸ்' என்ற, கிரகங்களைப் பற்றிய ஆர்கெஸ்ட்ரா இசை அவர் எழுதியதுதான். பள்ளி நாட்களில் பாடம், விட்டால் ஞாயிற்றுக்கிழமை, இல்லையென்றால் கோடை விடுமுறை. இந்த நேரத்தில்தான் எழுதினார். எழுதிய இடங்களில் ஒன்று, பள்ளியில் அவருக்காகக் கட்டிக்கொடுத்த, வெளிச்சத்தம் நுழையாத அறை.

வெள்ளைக்காரர் கதை நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, அவர் சமஸ்கிருதம் படித்து, ரிக் வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைத்தவர். நம் சாவித்திரி - சத்தியவான் கதையை ஓபராவாக, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகமாக, ஆக்கியவர். அவ்வளவு அந்நியர் இல்லை.

அவர் வகுப்பில் என்ன செய்தார்? பெண்கள் பள்ளிக்கென்று பதிப்பகங்கள் அச்சடித்து அனுப்பிய பாட்டுகளைப் பார்த்து நொந்துபோனார். 'பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது போதும்' என்கிற ரகம். அதை ஒதுக்கிவிட்டு அந்தப் பிள்ளைகளுக்காகத் தானே எழுதினார். பள்ளி ஆர்கெஸ்ட்ராவுக்காக அவர் எழுதிய 'செயின்ட் பால்ஸ் சூட்' என்ற இசைத்தொகுப்பு அடிப்படையில் தந்தி வாத்தியங்களுக்கானது. அப்படியென்றால் குழல் ஊதும் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதா? அவர்களுக்கும் பகுதிகள் எழுதிச் சேர்த்தார். எதிரணி நண்பராக இருந்தால் ஆட்களைக் கழித்திருப்பார். ஹோல்ஸ்ட் பாட்டை விரித்தார்.

பகலில் பள்ளி என்றால் மாலையில் மார்லி கல்லூரி. தென் லண்டனில் வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் வேலை முடிந்து படிக்க வரும் இடம். அந்த மாணவர்களை வைத்துக்கொண்டு, 1695-ல் இறந்த ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல்லின் 'ஃபேரி குயின்' என்ற இசை நாடகத்தை 1911-ல் கச்சேரியாக நடத்தினார். பர்செல் காலத்துக்குப் பிறகு அது முழுதாகக் கேட்கப்பட்டது அன்றைக்குத்தான். வாசிப்பதற்கு அச்சுப் பிரதி கிடையாது. பகல் முழுக்க உழைத்த கைகள் நூற்றுக்கணக்கான பக்கங்களை ராத்திரியில் உட்கார்ந்து பிரதி எடுத்தன. எல்லோரையும் சேர்த்தால் தரம் போய்விடும் என்றீர்களே, இது போன தரமா?

1918 செப்டம்பரில் லண்டன் குயின்ஸ் ஹால் அரங்கில் 'பிளானெட்ஸ்' முதன்முதலாக ஒலித்தபோது, கடைசிப் பகுதியில் பெண் குரல்கள் வர வேண்டும். மேடைக்கு வெளியே மறைவாக நின்று, சொற்களே இல்லாமல் பாட வேண்டிய இடம், லேசுப்பட்டதல்ல. யார் பாடினார்கள்? அவருடைய பள்ளி மாணவிகளும் மார்லி மாணவிகளும்தான். 1933-ல் உடம்புக்கு முடியாமல் மருத்துவமனையில் கிடந்தபோதும் என்ன எழுதிக்கொண்டிருந்தார் தெரியுமா? பள்ளியின் ஜூனியர் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு சூட். சீனியர்கூட இல்லை, நடுவர் அவர்களே!

'அவருக்குச் சத்தம் நுழையாத அறை இருந்தது, எங்கள் ஆசிரியருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை' என்பீர்கள். நியாயம், ஒப்புக்கொள்கிறேன். தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வியோடு இசைக்கும் பகுதி நேரப் பயிற்றுநர்களை எடுத்தபோது சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வேலை வாரத்தில் மூன்று அரை நாள். அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நின்று பாடம் நடத்தியவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நேரம் குறைவு என்பது உங்கள் கட்சிக்கு எப்படி உதவும்? நல்ல குரல் உள்ள பிள்ளையை வீட்டில் அடையாளம் கண்டுவிடுவார்கள், பாட்டு வகுப்பில் சேர்ப்பார்கள், டிவி போட்டிக்கு அழைத்துப் போவார்கள். மற்ற பிள்ளைகளுக்கு வாரத்தில் அந்த ஒரு பீரியடுதான். அதையும் பிடுங்கி அதே பிள்ளைக்குக் கொடுப்பீர்களா?

கருவி இல்லை, அதனால் முடியாது என்பதும் சாக்குதான். ஹங்கேரி இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் பள்ளிகளில் இசையைப் பரப்பியது பிள்ளைகளின் குரலை நம்பித்தான். ஐந்து சுரப் பாட்டுகளில் தொடங்கச் சொன்னார். நம் பிள்ளைகள் காலையில் பிரேயரில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தே மோகன ராகம், எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டு. ச ரி க ப த, ஐந்தே சுரம். பாடம் மைதானத்திலேயே நிற்கிறது. சரியான கட்டையில் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மாவிடம் ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். மைதானத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் பாடலாம், சரிதானே? அதே பிள்ளைகள் அரை மணி கழித்து இசை வகுப்புக்கு வந்தால், அதில் யார் யாரை வாயை மூடச் சொல்லப் போகிறீர்கள்? பெயரைச் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள்.