ஆண்டு நிரப்பப்படாத பலகை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், காலேஜ் ஸ்டேஷன் என்னும் ஊரில் இருக்கிறது டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம். 2017ஆம் ஆண்டின் இறுதியில் அதன் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஜிம்போ ஃபிஷர் வந்து சேர்ந்தார். அவர் பொறுப்பேற்ற புதிதில், பல்கலைக்கழகத் தொகுதியின் வேந்தர் ஜான் ஷார்ப் ஒரு மேடையில் அவரிடம் ஒரு பலகையைக் கொடுத்தார். தேசிய வாகையர் என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்குரிய இடம் மட்டும் நிரப்பப்படவில்லை. அந்த ஆண்டை நிரப்புவது புதிய பயிற்சியாளரின் வேலை என்பதே அதன் பொருள். அந்த ஊரில் ஆய்வு மாணவனாகச் சில ஆண்டுகள் வாழ்ந்தவன், அந்த அணியின் வெற்றி தோல்விகளோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், அந்த இடம் ஏன் இன்னும் நிரப்பப்படவில்லை என்பதைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் கால்பந்து என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தை அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கு இருக்கும் மவுசு பல நாடுகளில் தேசிய அணிக்குக்கூட இருப்பதில்லை. ஏ அண்டு எம்மின் கைல் ஃபீல்ட் அரங்கில் 1,02,733 பேர் அமரலாம். 2015இல் முடிந்த அதன் புதுப்பிப்புக்கு 48 கோடி டாலருக்கு மேல் செலவானது. மாணவர்கள் ஆட்டம் முழுவதும் உட்காராமல் நின்றுகொண்டே பார்ப்பார்கள். 1922 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டத்தில், காயங்களால் ஆள் குறைந்த அணிக்குத் தேவைப்பட்டால் களமிறங்க வேண்டுமென்று பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து சீருடை அணிந்து கடைசிவரை காத்து நின்ற கிங் கில் என்ற மாணவரின் நினைவாக வந்த மரபு அது. தோளோடு தோள் கோத்து அவர்கள் ஆடி அசையும்போது மேலடுக்கு இலேசாக அசைவதைக் காலடியில் உணரலாம். முதன்முறை உணர்ந்தபோது நான் பயந்துபோய்ப் பக்கத்தில் நின்ற நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆக, பணம் இருக்கிறது. அரங்கம் இருக்கிறது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். வாரி வழங்கும் முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள். நாட்டிலேயே மிகுதியான இளம் வீரர்களை உருவாக்கும் மாநிலங்களில் ஒன்று வாசலிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அணி தேசிய வாகை சூடியது கடைசியாக 1939இல். பல கல்லூரி அணிகள் சேர்ந்து தங்களுக்குள் மோதும் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றது கடைசியாக 1998இல். 2012இல் எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்குக் கூட்டமைப்பில் சேர்ந்தபின், அதன் இறுதியாட்டத்துக்கு ஒரு முறைகூடத் தகுதி பெறவில்லை.

எஸ்.இ.சி. கடினமான களம் என்று சொல்வார்கள். அலபாமாவும் எல்.எஸ்.யு.வும் ஆபர்னும் இருந்த மேற்குப் பிரிவில் ஆண்டுதோறும் மோதுவது எளிதல்ல என்பது உண்மையே. ஆனால் அதே பிரிவிலிருந்து எல்.எஸ்.யு. 2019இல் தேசிய வாகை சூடியது. வசதியில் ஏ அண்டு எம்முக்கு எட்டாத ஓல் மிஸ் அணி 2023இல் 11 ஆட்டங்களை வென்றது. எனவே எதிரிகளின் வலிமையைக் காரணம் காட்டி இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது.

கோளாறு எங்கே என்பதை அறிய, ஃபிஷருக்கு முன்பிருந்த கெவின் சம்லினின் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். 2012இல் அவருடைய முதல் பருவத்தில் ஜானி மான்சியல் என்ற முதலாண்டு வீரர் அலபாமாவை அதன் சொந்த மண்ணில் 29-24 என வீழ்த்தி, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் முதலாண்டு மாணவர் அவரே. அவர் போனபின் நடந்ததைப் பாருங்கள். 2014இல் முதல் ஐந்து ஆட்டங்களிலும் வெற்றி, முடிவில் 8-5, அதாவது எட்டு வெற்றி, ஐந்து தோல்வி. 2015இலும் முதல் ஐந்தில் வெற்றி. முடிவு அதே 8-5. 2016இல் முதல் ஆறில் வெற்றி. முடிவு மீண்டும் 8-5. பருவம் நீள நீள எதிரணிகள் இவர்களைப் படித்துக்கொண்டன. இவர்கள் தங்களைத் திருத்திக்கொள்ளவில்லை. 2015 டிசம்பரில், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள், கைல் ஆலனும் கைலர் மர்ரேயும், சில நாள் இடைவெளியில் அணியை விட்டு வெளியேறினார்கள். மர்ரே ஓக்லஹோமாவுக்குப் போய் 2018இல் ஹைஸ்மன் விருது பெற்றார். நல்ல வீரரைக் கண்டுபிடிக்கும் கண் ஏ அண்டு எம்முக்கு எப்போதும் இருந்தது. கண்டுபிடித்தவரைத் தன்னிடமே வைத்து வளர்த்தெடுக்கும் பொறுமைதான் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2017இல் யு.சி.எல்.ஏ. அணிக்கு எதிராக 44-10 என முன்னிலையில் இருந்துவிட்டு 45-44 எனத் தோற்றார்கள். அன்றிரவே பல்கலைக்கழக ஆட்சிக் குழு உறுப்பினர் ஒருவர், சம்லினை நீக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் சம்லின் நீக்கப்பட்டார்.

அவருக்குப் பதிலாக வந்த ஃபிஷர் சாதாரணமானவர் அல்லர். 2013இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணியைத் தேசிய வாகையராக்கியவர். அவருக்குப் பத்தாண்டுகளுக்கு 7.5 கோடி டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதத்தோடு, வழங்கப்பட்டது. அணி தோற்றாலும், அவரை இடையில் நீக்கினாலும், மீதித் தொகை அவரைச் சேரும். இந்த உத்தரவாதத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய ஆறு பருவங்களில் மிகச் சிறந்தது 2020. கொரோனாவால் சுருங்கிய அந்தப் பருவத்தில் பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் நார்த் கரோலைனாவை வீழ்த்தியது உட்பட, பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்று, ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தேசியத் தரவரிசையில் நான்காம் இடத்தைப் பிடித்தார்கள். அந்த வெற்றி எதனால் வந்தது? குவார்ட்டர்பேக் கெல்லன் மாண்ட் சம்லின் காலத்தில் சேர்க்கப்பட்டவர். 2020இல் நான்காம் ஆண்டு மாணவர். ஃபிஷரின் கடினமான ஆட்ட முறையில் மூன்றாவது ஆண்டாகப் பழகியவர். அவருக்கு முன்னால் அரணாக நின்ற ஐவரில் பெரும்பாலோர் ஒன்றாகவே உழைத்து முதிர்ந்தவர்கள். பந்து கைக்கு வரும் முன்பே எதிரணியின் நிற்கும் நிலையைப் படித்து, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டிய முறை ஃபிஷருடையது. அதைக் கற்றுத்தேற ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் மாண்டுக்குக் கிடைத்தன. 2020இன் வெற்றி காலம் கொடுத்த வெற்றி.

பல்கலைக்கழகம் அதை அப்படிப் பார்க்கவில்லை. பயிற்சியாளரின் பெயருக்கும் தான் கொட்டிய பணத்துக்கும் கிடைத்த பலன் என்று எடுத்துக்கொண்டு, 2021 செப்டம்பரில் அவருடைய ஒப்பந்தத்தை 2031 வரை ஏறத்தாழ 9.5 கோடி டாலருக்கு நீட்டித்தது. ஆனால் மாண்ட் போய்விட்டார்; அரணில் நின்ற ஐவரில் நால்வரும் போய்விட்டார்கள். மாண்டின் இடத்துக்கு வந்த ஹெய்ன்ஸ் கிங் இரண்டாவது ஆட்டத்திலேயே காயம்பட்டார். பிறகு அவர் ஜார்ஜியா டெக் அணிக்கு மாறி, மூன்று ஆண்டுகள் அதன் நிலையான குவார்ட்டர்பேக்காக நின்று ஆடினார். 2021 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 41-38 என வென்ற ஒரு மகத்தான இரவு உண்டு. அந்த இரவும் பலவற்றை மறைத்தது. பருவம் 8-4 என முடிந்தது.

அந்த ஆண்டு ஜூலை முதல், மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்ற அனுமதி வந்தது. வேறு கல்லூரிக்கு மாறும் வீரர் ஓராண்டு காத்திருக்காமல் புதிய அணியில் உடனே ஆடலாம் என்ற சலுகையும் அதே ஆண்டில் வந்தது. இந்தச் சூழலில் 2022க்காக ஏ அண்டு எம் சேர்த்த இளம் வீரர் குழுவே, இளம் வீரர்களை மதிப்பிடும் 247 ஸ்போர்ட்ஸ் தளம் அதுவரை கணித்தவற்றுள் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றது. பருவத்துக்கு முந்தைய தரவரிசையில் அணிக்கு ஆறாம் இடம் தந்தார்கள்.

2022 செப்டம்பர் பத்தாம் நாள் பிற்பகலை என்னால் மறக்க முடியாது. மலைப்பகுதியிலிருந்து வந்த ஆப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சிறிய அணிக்கு, வந்து ஆடிவிட்டுப் போவதற்காக 15 லட்சம் டாலர் கொடுத்து அழைத்திருந்தார்கள். அவர்கள் பந்தைக் கையில் வாங்கினால் விடவே இல்லை. ஓர் அடி, இரண்டடி என்று நகர்ந்து, அறுபது நிமிட ஆட்டத்தில் நாற்பத்தொரு நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். நம் அணி மொத்தமாக நகர்ந்தது 186 கெஜம். நாம் எடுத்த 14 புள்ளிகளில் பாதி, உதைத்து அனுப்பப்பட்ட பந்தைப் பிடித்து 95 கெஜம் ஓடிய டெவான் அச்சேன் தந்தது. 17-14 எனத் தோற்றோம். என் பக்கத்தில் நின்ற முதியவர் ஆட்டம் முடிந்து நெடுநேரம் ஆகியும் நகரவில்லை. கையில் இருந்த வெள்ளைத் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். அன்று எனக்குத் தெரிந்தது இதுதான்: எதிரணிக்குத் தாங்கள் யார், எப்படி ஆட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நமக்கு நல்ல வீரர்கள் இருந்தார்கள், அணி இல்லை.

பருவம் 5-7 என முடிந்தது. வேறெந்த அணியாக இருந்தாலும் இப்படி ஒரு பருவத்துக்குப் பின் பயிற்சியாளரிடம் கண்டிப்பான மாற்றத்தைக் கோரியிருக்கும். இல்லையேல் அவரை மாற்றியிருக்கும். இங்கே இரண்டையும் செய்ய முடியாதபடி ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. வீட்டில் பணம் குறைவாக இருப்பவன் ஒரு தவறைச் சீக்கிரம் உணர்ந்து கைவிடுவான். இருப்பவனோ இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம் என்று அதே தவறை வளர்ப்பான். ஏ அண்டு எம்மின் குறை வசதியின்மை அல்ல என்பதோடு, அந்த வசதியே அதன் குறையைச் சரிசெய்யவிடாமல் தடுத்தது என்பது என் உறுதியான கருத்து.

2023 நவம்பர் 12இல் ஃபிஷரை நீக்கினார்கள். அதற்காகத் தர ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 7.7 கோடி டாலர். கல்லூரிக் கால்பந்தில் அதற்கு முன் எவருக்கும் இவ்வளவு கொடுக்கப்பட்டதில்லை. அவருடைய கணக்கு 45 வெற்றி, 25 தோல்வி. போதாது என்று நீக்கப்பட்ட சம்லினுடையது 51-26. விழுக்காட்டில் சம்லினே ஒரு படி மேல். புகழ்பெற்ற 2022 குழுவோ சிதறிப்போனது. வால்டர் நோலன் ஓல் மிஸ்ஸுக்கும், இவான் ஸ்டூவர்ட் ஓரிகனுக்கும், எல்.டி. ஓவர்ட்டன் அலபாமாவுக்கும் போனார்கள்.

அடுத்து வந்த மைக் எல்கோ ஆரவாரம் இல்லாதவர். ஃபிஷரிடமே தற்காப்புப் பிரிவுப் பயிற்சியாளராக இருந்து, பின் டியூக் பல்கலைக்கழகத்தில் தலைமை ஏற்றவர். முன்னவரைவிடக் குறைந்த அடிப்படை ஊதியத்தில் வந்தார். அவருடைய முதல் பருவம் 8-5. இரண்டாவதான 2025இல், முதல் பதினோரு ஆட்டங்களையும் வென்றார்கள். அவற்றில் சவுத் கரோலைனாவுக்கு எதிரான ஆட்டத்தில் இடைவேளையின்போது 30-3 எனப் பின்தங்கி, 31-30 என மீண்டார்கள். சம்லின் காலத்து அணி முன்னிலையைக் கைவிட்ட அந்தப் பழைய யு.சி.எல்.ஏ. இரவின் காயம் எனக்கு அன்றுதான் கொஞ்சம் ஆறியது. அதற்குப்பின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள். தேசிய வாகையரைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு முதன்முறையாக வந்து, கைல் ஃபீல்டிலேயே மயாமியிடம் 10-3 என வீழ்ந்தார்கள். இறுதித் தருணத்தில், புள்ளி எடுக்க வேண்டிய எல்லைப் பகுதிக்குள் குவார்ட்டர்பேக் மார்செல் ரீட் எறிந்த பந்து எதிராளியின் கைக்குப் போனது.

ரீட் மாறுதல் வழியாக வந்தவர் அல்லர்; நேரடியாகச் சேர்ந்து இங்கேயே வளர்ந்தவர். இனிமேல் நான் கூர்ந்து பார்க்கப்போவது அவரையும், அவரோடு இருக்கப்போகிறவர்களையும்தான். தாக்குதல் பிரிவை வகுத்த காலின் க்ளைன் கன்சாஸ் ஸ்டேட் அணிக்குத் தலைமையேற்கப் போய்விட்டதால், ரீட் புதிய குரல் ஒன்றைக் கேட்டுப் பழக வேண்டியிருக்கிறது. எல்கோவின் ஒப்பந்தமும் 2025 நவம்பரில் பெருந்தொகைக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மாண்டுக்குக் கிடைத்ததைப் போன்ற காலம் இந்த இளைஞருக்கும் அவருக்கு அரணாக நிற்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நன்றி, வணக்கம்.