பழைய கரவனுக்கு என்ன ரயர், எவ்வளவு காற்று?

அடுத்த கேள்வி ரொறன்ரோவில் இருந்து ஒரு அண்ணை கேட்டிருக்கிறார். 1972ஆம் ஆண்டுக் கரவன் ஒன்று, அதுதான் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வீட்டு வண்டி, வாங்கியிருக்கிறாராம். ஒற்றை அச்சு, 14 அங்குல றிம். ரயர் தேயவே இல்லை, மாற்றத்தான் வேணுமா, காருக்கு அடிக்கிற 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதுமா என்கிறார்.

மாற்றுங்கள் அண்ணை. கரவன் ரயர் ஓடித் தேய்வதை விட, நின்று பழுதாவதுதான் அதிகம். இங்கே லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் இழுக்கிற பெட்டிக்கும் அதே கதைதான், வேலை முடிந்தால் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். தம்பி, கமராவைக் கிட்டக் கொண்டுவா. இந்த ரயர் மேலே புதிசு மாதிரி இருக்கிறது. பக்கத்தைப் பெருவிரலால் அமத்துகிறேன், மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்குது, பாருங்கோ. டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வருகிற இலக்கத்தின் கடைசி நாலையும் வாசியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டின ரயரை நான் நம்ப மாட்டேன். மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முந்தினது, கழற்றிப் பூக்கன்று நடலாம்.

சரி, காற்று. 35 போதாது. அங்கே ட்ரெயிலருக்கென்றே எஸ்.டி. என்று எழுதின ரயர் இருக்கிறது. உங்கள் றிம்முக்குப் பொதுவாக எஸ்.டி. 205/75 ஆர் 14 வரும். அதில் பாரம் தாங்குகிற தரத்தை சி, டி என்று எழுத்தால் சொல்வார்கள்: சி வகை 50 பி.எஸ்.ஐ.யில் 1760 இறாத்தல் தாங்கும், டி வகை 65இல் 2040. காற்றைக் குறைத்தால் தாங்குகிற பாரமும் குறையும், பக்கம் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். ரயரில் எழுதியிருக்கிற உச்ச அளவையே காலையில் ஓட முன்னம் அடியுங்கள். ஓடினால் கூடத்தான் செய்யும், அதைத் திறந்து விடக் கூடாது.

டி வகைக்கு ஆசைப்பட முன்னம் றிம்மைக் காட்டிக் கேளுங்கள். 50 வருடப் பழசு, 65 தாங்குமென்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கேலாது. சாதாரண றப்பர் வால்வுக்கும் 65தான் எல்லை, உலோக வால்வு போடுங்கள்.

அப்புறம், பாரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி, லொறி நிறுக்கிற தராசில் ஏற்றுங்கள். 100 லீற்றர் தண்ணீரே 220 இறாத்தல். இரண்டு சி ரயரும் சேர்த்து 3520 தாங்கும், அச்சில் 3400தானே என்று இருந்தால், குசினியும் தண்ணீர்த் தாங்கியும் இருக்கிற பக்கத்து ரயர் தன் 1760ஐத் தாண்டியிருக்கலாம். முடிந்தால் சில்லுச் சில்லாக நிறுங்கள்.

இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரு பக்கம் அளவில் ஆர் என்று வருகிற றேடியல் ரயர், மறுபக்கம் பழைய மாதிரி நூல் ரயர் என்று போடவே கூடாது. பின்னால் தொங்குகிற ஸ்பெயார் ரயரின் இலக்கத்தையும் ஒருக்கா வாசித்துப் பாருங்கள்.