முளைக்கும் காலே நிலைக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘காட்டு வேலிக்கு நீடித்து நிற்பது நட்ட காலா, முளைத்த காலா?’ இதுதான் இன்றைய தலைப்பு. நட்ட காலுக்காகப் பேசியவர்களில் ஒருவர் இரும்பு ஆங்கிளைச் சொன்னார், இன்னொருவர் மருந்தேற்றிய சவுக்குக் கட்டையைச் சொன்னார். நான் காங்கேயம் பக்கத்துக்காரன்; எங்களுக்குக் காடு என்றால் மானாவாரி நிலம். ஊன்றிய குச்சியே முளைத்து வேலியாகிற முள்செடி கிளுவை; அதற்காகப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் இரும்பு. எங்கள் தோட்டத்தின் கிழக்குப் பக்கம் ஆங்கிள் கால் போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. போன ஐப்பசி மழை விட்டதும் ஒரு காலைப் பிடித்துச் சும்மா அசைத்தேன். மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் ஒடிந்து என் கையோடு வந்துவிட்டது. மேலே பெயின்ட் அப்படியே இருந்தது. அடியில் சிமெண்டைச் சுற்றி ஒரு சிறிய பள்ளம், அதில் மழைத்தண்ணீர். இரும்பு அரிக்க ஈரமும் காற்றும் சேர வேண்டும். இரண்டும் விடாமல் சேருகிற இடம் அந்த மண்மட்டம்தான். துத்தநாகப் பூச்சுப் போட்ட கால் இதைவிட நன்றாகத் தாங்கும் என்றார் நண்பர். தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுத்த இடத்திலும் வெல்டு வைத்த இடத்திலும் பூச்சு போய்விடுகிறதே! துரு அங்கேதான் தொடங்குகிறது.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. 8 அடிக்கு ஒரு கால் என்றாலும் 104 கால். அப்புறம் கம்பி, சிமெண்ட், குழி தோண்டும் கூலி. மானாவாரிச் சோளம் போடுகிறவர் இந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

மரக்கால் இன்னொரு விதம். மருந்து ஏறாத கட்டையைக் கறையான் விடாது. ஏற்றினால் வெகுநாள் நிற்கும், உண்மை. ஆனால் அந்த மருந்து செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்ததாக இருந்தால், ஆயுள் முடிந்த கட்டையை அடுப்பில் வைக்க முடியாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். வீட்டில் விறகு எரிக்கிற ஊரில் அதை எங்கே போட்டு வைப்பது?

இப்போது கிளுவைக்கு வருகிறேன். எங்கள் அப்பாரு மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டை, வெட்டி, கடப்பாரையால் குழி போட்டு, சாணுக்கு ஒன்றாக ஊன்றிக்கொண்டே போவார். ஊன்றும்போது அதுவும் வெறும் குச்சிதான். மழை விழுந்ததும் துளிர்க்கும். கோடையில் இலையெல்லாம் கொட்டிச் செத்ததுபோல நிற்கும். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. இலையைக் கசக்கினால் ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறினாலே எனக்குக் காட்டு நினைவு வந்துவிடும். கிளை ஒவ்வொன்றும் முள்ளாக முடிவதால் மாடு அதில் உரசாது.

மாடு மேய்வதற்கென்றே விட்ட எங்கள் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுற்றிலும் கிளுவை, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் மாட்டை உள்ளே விட்டுக் கடவு வாசலில் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். அந்த மாட்டினத்தை வளர்த்ததில் இந்த வேலிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அந்த வேலியில் கோவைக்கொடி ஏறும், பிரண்டை ஏறும். வேலிப்பருத்தி என்று வேலியின் பெயரையே வைத்துக்கொண்ட கொடியும் ஏறும். இருமல் என்றால் என் அம்மா அந்த இலையைத்தான் பறித்து வருவார். இரண்டு வேலிக்கு நடுவே போகும் இட்டேரியில் நடந்தால் அடியிலிருந்து கௌதாரி விருட்டென்று ஓடும். கம்பி வேலியில் இவை எங்கே தங்கும்?

எதிரணி நண்பர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “வேலிக்காத்தான் என்று சீமைக்கருவேலை விட்டோம், அது காட்டையே பிடித்துக்கொண்டது, மறுபடியும் முள்ளா?” நியாயமான பயம். ஆனால் சீமைக்கருவேல் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆடும் மாடும் காயைத் தின்று விதையை ஊரெல்லாம் போட்டன. கிளுவை இந்த மண்ணின் செடி. நாம் போத்து ஊன்றிய வரிசையில் நிற்கிறது.

குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அடர்ந்து வர மூன்று நான்கு மழை வேண்டும். அதுவரை முள்வெட்டி அடைக்க வேண்டும். வேலியோரம் இரண்டு சால் சோளம் குட்டையாகத்தான் வரும். காட்டுப்பன்றி இறங்குகிற ஊரில் கிளுவை மட்டும் போதாது. பருத்த கிளுவையையே காலாக வைத்துக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். மண்மட்டத்தில் துருப்பிடிக்காத கால் அது. நடுவில் ஒன்று பட்டுப்போனால் பக்கத்துச் செடியில் ஒரு போத்து வெட்டி அதே இடத்தில் ஊன்றினால் சரி. கடைக்குப் போக வேண்டியதில்லை.

நேரமாகிவிட்டது என்று நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு வார்த்தை. எங்கள் வேலியைக் கவாத்து செய்யும் நாள் வருகிறது, போத்து வண்டிக்கணக்கில் கிடைக்கும். இரும்புக் காலுக்காகப் பேசிய நண்பரின் காட்டுக்கு ஒரு வண்டி நானே கொண்டுவந்து இறக்குகிறேன். ஒடிந்த கிழக்குப் பக்கத்துக்கும் இந்த முறை அதைத்தான் ஊன்றப் போகிறேன்.

வணக்கம்.